நீ எரிக்கச் சொன்ன கொப்பி

பேசாமல் இருந்தது போதும். நீ உயிரோடிருந்த கடைசி மூன்று வருடமும் உன்னோடு பேசவில்லை. நீ போய் நான்கு மாதமாகிறது. உன்னைப் பற்றி இன்னொருவரிடமும் பேசவில்லை. கேட்டவர்களிடம் ஒன்றாகப் படித்தோம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை அலுமாரியின் அடித்தட்டில் பழைய பாடக்குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த நீல அட்டை கையில் தட்டுப்பட்டது. சீ.ஆர். கொப்பி எனும் பெரிய குறிப்புப் புத்தகத்தின் தடித்த அட்டை. உள்ளே ஒரு தாளும் இல்லை. ஒரு மூலை கருகியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். ஹட்டன் மழையில் அலுமாரிக்குள் இருப்பதெல்லாம் பூஞ்சணம்தான் மணக்கும். இதில் மட்டும் இன்னும் மண்ணெண்ணெய்ப் புகை இருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் பிலோமினா வீட்டுக்கு வந்து போயிருந்தார். லிந்துலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு, மாற்றிக் கட்டிய சேலையோடு பஸ் பிடித்து வந்திருந்தார். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதல் ஆட்களில் ஒருவர். கணவர் இன்னும் கத்தாரில்தான். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சேர், வெளிநாட்டுக்காரங்க எழுதியிருக்காங்க. நம்ம எழுதுன வழிகாட்டிப் பக்கங்கள்லயெல்லாம் எழுதுனவங்க பேரப் போடப் போறாங்களாம். பேரு இருக்கிறவங்களுக்கு அந்தக் கிரிப்டோ நாணயமும் கொஞ்சம் குடுப்பாங்களாம். அவரப் பத்தி நீங்க ஒண்ணு எழுதி, அடியில ஒங்க பேரப் போட்டுத் தரணும். அதத்தான் மொதல்ல வைக்கப் போறாங்க."

"அவன் இருந்தவரைக்கும் பேரே வேணாம்னு சொன்னானே?"

"அவரு இருந்தாரு, பேரு தேவப்படல. இப்ப ஞாயித்துக்கெழம நாலு பேருதான் வர்றோம். பேரு போட்டா ஆளு சேரும்னு அவங்க சொல்றாங்க. எனக்கு வெளங்கல சேர். நீங்கதான் சொல்லணும்."

போகும்போது படியில் நின்று திரும்பினார். "கோவம் இருந்தா கோவத்தோடயே எழுதுங்க. சும்மா நல்லவரு, வல்லவருன்னு எழுதிறாதீங்க. அவருக்கே புடிக்காது."

எனவே கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் கோபங்கள் எவ்வளவு பழையவை என்று உனக்குத் தெரியும். ஓர் அலுவலகத்துக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு கைநூலை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது முகப்பில் வேறொருவர் பெயர் இருந்தது. நான் பயிற்றுவித்த ஒருவர் எனக்கு மேலே பள்ளிக்கூட அதிபராக வந்து உட்கார்ந்தார். இரண்டையும் உன் கடை மேசையில் வந்துதான் கொட்டினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டிய அந்தச் சின்னப் போன் கடையில். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுக் கொழும்புக்குப் போனவன் நீ. பத்து வருடம் மற்றவர்களின் கடைகளில் போன் திருத்திவிட்டுத் திரும்பி வந்து அதைப் போட்டிருந்தாய். "இனி என் பெயர் இல்லாத தாளில் ஒரு வரியும் எழுதமாட்டேன்" என்று நான் சொன்னபோது, உதட்டில் ஒரு சின்ன ஆணியைக் கவ்வியபடியே, "எழுதாத. டீயக் குடி" என்றாய்.

அடுத்த மாதமே என்னை எழுத வைத்தாய். நாலைந்து நாடுகளில் சிதறிக் கிடந்த சில நூறு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய கிரிப்டோ நாணயம் அது. ஒவ்வொரு மொழியிலும் வழிகாட்டிப் பக்கங்கள் எழுதத் தொண்டர்கள் தேடினார்கள். நீ கையைத் தூக்கிவிட்டாய்.

"இது சூதாட்டம்டா" என்றேன்.

"சூதுதான். நம்ம ஆளுக யாராவது போன்ல சொன்னத நம்பி எப்படியும் காசப் போடத்தான் போறாங்க. ஏமாறாம இருக்கவாவது தெரியட்டும். நாணயம் விழுந்தா விழுந்துட்டுப் போவுது. கையில இருக்கிற போன யாரையும் கேக்காம தானே பாத்துக்கத் தெரிஞ்சிட்டா, அத எவன் புடுங்குவான்?"

அந்த வார்த்தைக்கு இன்றுவரை எனக்கு மறுப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசை முடிந்து, சந்தைக்கு வந்தவர்கள் பைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் உட்காருவோம். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் போல நீயும் பிரித்துக் கொடுத்ததால் அதற்குப் பெரட்டு என்றே பெயர் வைத்தாய். நான் பிந்தி வந்தால், அரை நாள் சம்பளம்தான் என்று கணக்கப்பிள்ளை சொல்வதுபோல, "வாத்திக்கு இன்னைக்கு அரப்பேருதான்" என்பாய்.

முதலில் வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாணயம் தந்தார்கள். பக்கங்கள் குவிந்தன. என் பக்கங்களும்தான். ஒரு நாள் என்னுடையதை வாசித்துக்கொண்டிருந்த பிலோமினா பாதியில் நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க சேர். அடியில முத்தல் எலயப் போட்டு, மேலாப்புல கொழுந்தப் பரப்புன கூட மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நிறுவைக்குப் போகும் கூடைகளில் நடக்கும் தந்திரம் அது. அதைச் செய்தவர்களுக்கும் கண்டுபிடித்தவர்களுக்கும் பார்த்தவுடன் தெரியும். முதல் பத்தியை மட்டும் நான் எழுதிவிட்டு, மிச்சத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டிருந்தேன். நீ சிரிக்கவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று எதுவும் அனுப்ப வேண்டாம் என அடுத்த நாளே அவர்களுக்கு எழுதிவிட்டாய். அந்த வாரமே பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எஞ்சியவர்களை நீ இருத்தி வைத்த விதம் எனக்கு அப்போது புரியவில்லை. உன் அம்மா வேலை செய்த மலையில், தன் தேயிலை நிரையை முடித்தவள் ஓய்ந்து நிற்காமல், பின்தங்கியவளின் நிரைக்கு மறு முனையிலிருந்து இறங்கி வந்து நடுவில் சந்திப்பாளாம். அதையே இங்கே கொண்டுவந்தாய். ஒருவர் பக்கத்தை மேலிருந்து எழுதுவார்; தன் வேலையை முடித்த இன்னொருவர் அதே பக்கத்தைக் கீழிருந்து எழுதிக்கொண்டு வருவார். முடிந்ததும் பஸ்ஸுக்கு நிற்கும் யாராவது ஒருவரைக் கூட்டி வந்து உட்கார வைப்போம்; அந்தப் பக்கத்தைப் பார்த்து அவரே போனில் செய்ய வேண்டும். அவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாலும் பக்கம் திருத்துவதற்கு எழுதியவரிடமே திரும்பிவிடும்.

"இதுக்கு என்னா குடுப்ப?" என்று கேட்டான் யோகராஜா. ஆட்டோ ஓட்டுபவன்.

"டீயும் வடையும்."

"வடைக்காடா நான் ஆட்டோ ஹயர விட்டுட்டு வந்தேன்?"

ஆனாலும் வந்தான். ஒரு நாள் அவன் பக்கத்தை வைத்துக்கொண்டு அவனுடைய மாமியாரே, ஒரு வார்த்தை கேட்காமல், கடைசி வரி வரை செய்து முடித்தார். அவன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க மாமி! என்கிட்ட ஒண்ணுமே கேக்கல! கல்யாணமாகி இதான் மொத தடவ!" அதற்குப் பிறகு அவனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பெயர் போடக்கூடாது என்று நீ சொன்னதும் அந்த நாட்களில்தான். ரெண்டு முனையிலிருந்து ரெண்டு பேர் எழுதின பக்கத்துக்கு யார் பெயரைப் போடுவது என்று கேட்டாய். நான் விடவில்லை, இரண்டு பெயரையும் போடலாமே என்றேன்.

"அடியில ஒன் பேரப் பாத்தா பிலோமினாக்கா அதுல கை வைப்பாங்களா? பிழைன்னு தெரிஞ்சாலும், சேர் எழுதினதுன்னு கும்புட்டுட்டுப் போயிருவாங்க. திருத்த ஆளில்லாத பக்கம் ரெண்டு வருசத்துல செத்துரும்டா."

எனக்கு அது அவமானமாகப் பட்டது. என் வாழ்க்கை முழுக்க என் பெயரை எடுத்தவர்களின் வரிசையில் உன்னையும் சேர்த்துவிட்டேன்.

இனிக் கொப்பியைப் பற்றி.

போனில் நாணயப் பை ஒன்றைத் திறந்தால் அது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தரும். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவரே பைக்குச் சொந்தக்காரர். தொலைத்தால் பையும் போயிற்று. நம் பெண்களில் பலருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. வங்கி அட்டையையும் அதன் இலக்கத்தையும் நம்பிக்கையான கடையில் கொடுத்து வைத்துப் பழகியவர்கள் அவர்கள். ஒரு நாள் ஓர் அம்மா என்னிடம் வந்து, "நீங்களே வச்சிருங்க சேர். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது, கடதாசி நிக்காது" என்றார். வாங்கிக்கொண்டேன். பிறகு இன்னொருவர். கடைசியில் பதினொரு பேர். புதிய சீ.ஆர். கொப்பி வாங்கி, சிவப்புக் கோடு போட்டு, பக்கத்துக்கு ஒருவராக அழகாக எழுதி வைத்தேன். முதல் தாளில் என் பெயர். உண்மையைச் சொல்கிறேன்: என் பெயருக்கு மதிப்புக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கொப்பிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே அம்மா பாதிக் கதவுக்குள் குனிந்து வந்து எல்லோர் முன்னாலும், "சேர், ஒங்க கொப்பியில என் சொல்லு இருக்கில்ல, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

உன் கை நின்றது. "என்னா கொப்பி?"

"அவங்கதான் குடுத்தாங்க. நான் கேக்கல."

"குடுத்தா வாங்கிருவியா?"

"நான் திருடன்ங்கிறியா?"

"நீ திருடனா இருந்திருந்தா சொகமா இருந்திருக்கும். ஓட்டிவிட்டிருப்போம். நீ நல்லவன். அதான் இவங்க காலம் பூரா ஒன் வாசல்ல வந்து நிக்கணும். ஒரு கணக்கப்புள்ள போதாதுன்னு இன்னொருத்தனா?"

மழையில் வீட்டுக்குப் போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். நீ அந்தப் பதினொரு பேருக்கும் சொல்லி அனுப்பி, அடுத்த ஞாயிறு எல்லோரையும் கடையில் உட்கார வைத்தாய். பழைய சொற்களை வேறொருவர் பார்த்தாயிற்று, இனி அவை உதவாது என்று ஒவ்வொருவருக்கும் புதுப் பை திறந்து, புதுச் சொற்களை அவரவர் கையாலேயே எழுத வைத்தாய். தெரியாத எழுத்தைப் படம் வரைவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார்கள். ஓர் எழுத்தின் வயிற்றை இடம் மாற்றிப் போட்டவருடைய பை திறக்க மறுத்தது. அவர் மூன்று முறை முதலிலிருந்து வரைந்தார். மாலை பஸ் போய்விடும் என்று யோகராஜா வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தான். ஆனால் எல்லோரும் எழுதி முடித்தார்கள்; பழைய பைகளில் இருந்ததும் புதியவற்றுக்கு மாறியது.

பிறகு கடைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகரத்தில் கொப்பியைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி, நெருப்புப் பெட்டியை என் கையில் தந்தாய். "நீயே வை."

வைத்தேன். எரிந்துகொண்டிருந்தபோது உன்னிடம் ஒன்று கேட்டேன். இன்றும் அது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன்.

"சரி. இவங்க செத்துட்டா? அந்தப் புள்ளைக யாருகிட்ட போய்க் கேக்கும்?"

நீ தகரத்தையே பார்த்தபடி நின்றாய். யோகராஜாதான், "வாத்திக்கு இப்பவே எல்லாரையும் பொதைச்சாகணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும். உன் கண்டிப்பை நான் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அரைகுறையாகக் கருகிய அட்டையை இழுத்தெடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

அடுத்த வாரம் புதிய பக்கம் வந்தது. நல்ல மனசோடு பதினொரு பேரோட சொல்ல வாங்கி வச்சிருந்த ஒருத்தரைப் பற்றி, யார் கேட்டாலும், எங்க ஆளே கேட்டாலும் சொல்லைக் குடுக்காதீங்க என்று. அதில் பெயர் இல்லை. இருந்தும், ஹட்டன் முழுக்கத் தெரிந்துவிட்டதைப் போல வீதியின் மறு பக்கத்தில் நடக்கத் தொடங்கினேன். மூன்று வருடம் அப்படித்தான் நடந்தேன்.

அந்த மூன்று வருடமும் நீ என் போனுக்கு இணைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தாய். வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. வெறும் இணைப்பு. நான் ஒன்றையும் திறக்கவில்லை. நாணயத்தின் விலை விழுந்தது, பலர் போனார்கள் என்று காதில் விழுந்தது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது; எழுதிவிட்டேன். ஒரு புதன்கிழமை நண்பகல், யாருடையதோ போனைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்தாயாம். யோகராஜாவின் ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. நான் அடக்கத்துக்கு வந்தேன். பின்னால் நின்றேன். ஒரு பிடி மண் போடாமல் திரும்பினேன்.

அந்த நீல அட்டை கிடைத்த வியாழக்கிழமைதான் இணைப்புகளைத் திறந்தேன்.

எல்லாம் நம் பக்கங்கள்தான். பழைய நாள்களில் ஒரு பக்கத்தை எனக்கு எப்படி விடுவாயோ அப்படித்தான் ஒவ்வொன்றையும் அனுப்பியிருந்தாய்: மேலிருந்து நீ பாதி எழுதி, மறு முனையை எனக்கு விட்டு. நான் வராததால் அந்த வெற்றிடங்களை வேறு யார் யாரோ நிரப்பியிருந்தார்கள். பிலோமினாவின் வாக்கியங்கள் எனக்குத் தெரியும். நான் எழுதிய பழைய பக்கங்களும் இருந்தன. அவற்றில் என் வரிகள் அநேகமாக ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தி, மாற்றி, எளிதாக்கி, இன்றைக்குப் பஸ்ஸில் வருகிறவர் பார்த்துச் செய்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நாணயம் விழுந்த பிறகும், வங்கிச் செய்தி என்று வரும் பொய்களை எப்படி அடையாளம் காண்பது, போன் தொலைந்தால் என்ன செய்வது என்று பக்கங்கள் கூடியிருக்கின்றன. முகப்பில் என் பெயர் அச்சாகியிருந்தால் இதில் ஒரு சொல்லையும் எவரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

கடைசி இணைப்பு, நீ இறப்பதற்கு ஆறு நாள் முன்பு வந்தது. அதன் தலைப்பைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு மறுபடியும் எடுத்தேன்.

"நாங்க செத்துட்டா எங்க புள்ளைக யாருகிட்ட போய்க் கேக்கும்?"

அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "இந்தக் கேள்விய எங்கள்ல ஒருத்தர் கேட்டாரு. அன்னைக்கு எங்களுக்குப் பதில் தெரியல. சிரிச்சோம். அது பிழை." அதற்குப் பிறகு நாலு வரி. பிறகு வெற்றிடம்; அதை மட்டும் எவரும் நிரப்பியிருக்கவில்லை.

வெள்ளியும் சனியும் அதன் மறு முனையில் உட்கார்ந்து கீழிருந்து எழுதி வந்தேன். சொல் எழுதிய கடதாசி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று வெளியில் எவருக்கும் தெரியக்கூடாது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இன்று ஞாயிறு. மூன்று வருடத்துக்குப் பிறகு பாதி இறக்கிய கதவுக்குள் குனிந்து போனேன். உன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நாலு பேர் இருந்தார்கள். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பிலோமினா பக்கத்தை எடுத்துப் படித்துக்கொண்டே வந்து, முடிவுக்கு மூன்று வரி முன்னால் நிறுத்தினார்.

"சேர், 'உரியவர்'னா யாரு?"

பக்கம் என்னிடமே திரும்பியது. யோகராஜா எட்டிப் பார்த்து, "வாத்திக்கு அரப்பேருதான்" என்றான். இந்த முறை நானும் சிரித்தேன். 'ஒங்க வீட்டு ஆளு' என்று மாற்றினேன். அடுத்து உட்கார்ந்தவர் கேள்வி கேட்காமல் முடித்தார்.

பெயர் விஷயத்தைப் பிலோமினா மறுபடி கேட்டார். பெயருக்காக வந்த ஒருவன் எப்படிப் போவான் என்பதற்கு நானே சாட்சி என்றேன். அவர் போனை எடுத்தார். "அப்ப வெளிநாட்டுக்காரங்களுக்கு வேணாம்னு எழுதிப் போட்டுறவா?" எழுதுங்கள் என்றேன். "நாலு பேரு அஞ்சாச்சு" என்று யோகராஜா வடையை எடுத்தான்.

உன்னை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அந்த அலுவலகத்தையும் அதிபரையும் இந்தப் பிறப்பில் மன்னிப்பதாக இல்லை. நீல அட்டையை எரிக்கப் போவதும் இல்லை. என் மேசையில் இருக்கிறது, அதன் புகையோடு. ஆனால் என் கேள்வியை நீ மூன்று வருடம் சுமந்திருக்கிறாய். உன் பாதிப் பக்கத்தை இனி நான் சுமக்கிறேன். அடுத்த ஞாயிறும் போவேன்.

இந்த மடலையும் நம் பக்கங்கள் இருக்கும் அதே இடத்தில்தான் போடப் போகிறேன், எவரும் கை வைக்கக்கூடிய இடத்தில். உன்னைப் பற்றி நான் தவறாக எழுதியதைப் பிலோமினா திருத்தட்டும். யோகராஜா தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சேர்க்கட்டும். சற்று முன் அடியில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். முழுப் பெயர், பட்டத்தோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழித்துவிட்டேன். பெயரில்லாமலே போடுகிறேன்.